தேனடைச் சட்டமும் தூக்குக்குண்டும்

தேனைப் புட்டியிலிருந்து கரண்டியில் ஊற்றிச் சாப்பிட்டிருப்பீர்கள். அடையோடு கடித்துத் தின்றிருக்கிறீர்களா? மெல்லிய மெழுகு மூடி பல்லில் பட்டு உடைந்ததும் உள்ளிருக்கும் தேன் வாயெல்லாம் பரவும். சற்று நேரம் மென்றபின் சிறு மெழுகு உருண்டை ஒன்று மிஞ்சும். அதைத் துப்பிவிடலாம், சிறிது விழுங்கினாலும் தீங்கில்லை, செரிக்காமல் வெளியேறிவிடும். தேன்மெழுகு உருகும் வெப்பநிலை சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸ். நம் வாயின் வெப்பநிலையோ ஏறத்தாழ 37 டிகிரிதான். ஆகவே அது வாயில் இளகுமே தவிர உருகாது.

இப்படி அடையோடு உண்பதற்கென்றே தேனீப் பெட்டியில் சட்டங்களை அமைப்பது ஒரு தனி வேலை. பார்வைக்கு மிக எளியது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. முதன்முறையாக அடைத்தேனுக்குச் சட்டம் அமைத்தபோது, வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் ஒன்றையே மறந்து, ஒரு பருவத்துத் தேன் முழுவதையும் பாழாக்கினேன். அது எந்தப் பாடம் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

அடைத்தேனை ஏன் விரும்பினார்கள்?

1865-ஆம் ஆண்டில், ஆஸ்திரியப் படையில் மேஜராக இருந்த ஹ்ருஷ்கா என்பவர் அடையைச் சுழற்றித் தேனைப் பிரிக்கும் கருவியை உலகுக்குக் காட்டினார். அடை சிதையாமல் தேன் கிடைத்தது. வெற்று அடையைத் தேனீக்களிடமே திருப்பிக் கொடுக்கவும் முடிந்தது. ஆனால் இதனால் வேறொரு தொல்லையும் பிறந்தது. புட்டியில் உள்ள தேனோடு மலிவான சர்க்கரைப் பாகைக் கலந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. அமெரிக்க மக்கள் புட்டித் தேனை நம்ப மறுத்து, அடைத்தேனையே கேட்டு வாங்கினர். சுமார் 11 செ.மீ. சதுரமுள்ள மெல்லிய மரச் சட்டத்துக்குள் தேனீக்களை அடை கட்டச் செய்து, ஏறத்தாழ ஒரு ராத்தல் எடையுள்ள அந்த அடையைச் சட்டத்தோடு அப்படியே விற்றார்கள்.

1881-இல் வைலி என்ற வேதியியல் அறிஞர், பாரஃபின் மெழுகினால் போலி அடை செய்து அதில் பாகை நிரப்பி விற்கிறார்கள் என்று ஓர் அறிவியல் இதழில் எழுதிவிட்டார். வேடிக்கைக்காகவே அப்படி எழுதியதாகப் பின்னர் அவர் கூறினார். அதற்குள் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது. தேனீ வளர்ப்புச் சாமான்கள் செய்துவந்த ஏ. ஐ. ரூட் என்பவர், இயந்திரத்தால் செய்த போலி அடைத்தேனைக் காட்டுபவருக்கு 1000 டாலர் பரிசு என்று அறிவித்தார். அந்தப் பரிசை எவரும் பெறவில்லை. ஓர் அறையின் சுவர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை! அத்தகைய சுவரை மெழுகில் எழுப்பிப் பாகு நிரப்பி மூடுவது மனிதனின் இயந்திரத்துக்கு எளிதன்று.

கலப்படம் பழங்கதையும் அன்று. 2020 டிசம்பரில் புது தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், நம் நாட்டில் விற்கப்படும் தேன் வகைகள் பலவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக அறிவித்தது நினைவிருக்கலாம்.

பெட்டியும் இடைவெளியும்

சட்டத்தைப் பற்றிப் பேசுமுன் பெட்டியைப் பார்ப்போம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த லாங்ஸ்ட்ராத் என்னும் பாதிரியார் 1851-இல் ஒன்றைக் கவனித்தார். அடைகளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே சுமார் 6 முதல் 9 மி.மீ. வரை இடைவெளி இருந்தால், தேனீக்கள் அதை நடைபாதையாக விட்டுவைக்கின்றன. அதைவிடக் குறுகிய இடுக்கைப் பிசினால் அடைத்துவிடும். அகன்ற இடத்தில் புதிய அடை கட்டிவிடும். நடைபாதை அளவுக்கு இடம் விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், அவற்றைப் பெட்டியோடு ஒட்டாமல் விருப்பம்போல் எடுக்கலாம், வைக்கலாம். இன்றைய தேனீ வளர்ப்பு முழுவதும் இந்தச் சிறு இடைவெளியின்மேல் நிற்கிறது எனலாம்.

லாங்ஸ்ட்ராத்தின் அளவுகள் ஐரோப்பியத் தேனீக்கு உரியவை. நம் அடுக்குத் தேனீ உருவில் சிறியது. அதற்கேற்ற சிறு பெட்டியை அமைத்தவர் பாதிரியார் நியூட்டன். அவர் 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சி அளித்தவர். (ஈர்ப்பு விசையின் நியூட்டன் வேறு, இவர் வேறு. ஆனாலும் இந்தக் கட்டுரையில் இருவருக்கும் வேலை இருக்கிறது.) நியூட்டன் பெட்டியில் கீழே புழு வளர்ப்பு அறை, அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை. தேன் அறைச் சட்டத்தின் உட்புறம் சுமார் 20 செ.மீ. நீளமும் 6 செ.மீ. உயரமும் கொண்டது. அடைத்தேனுக்கு நாம் பயன்படுத்தப்போவது இந்தச் சட்டத்தைத்தான். ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவரை அடுக்குத் தேனீ விடும் தொலைவு ஏறக்குறைய 3 செ.மீ. ஐரோப்பியத் தேனீ சுமார் 3.5 செ.மீ. விடும்.

கம்பி தேவையா?

சுழற்றித் தேன் எடுப்பவர்கள் சட்டத்தின் குறுக்கே மெல்லிய கம்பி இழுத்து, அதன்மேல் மெழுகு அச்சுத்தாளைப் பதிப்பதுண்டு. அச்சுத்தாள் என்பது அறுகோண அறைகளின் அடித்தடம் பதித்த மெழுகுத் தகடு. 1857-இல் ஜெர்மனியில் மெஹ்ரிங் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். தேனீக்கள் அந்தத் தடத்தின்மீதே சுவர் எழுப்பும்.

கம்பி எதற்கு என்று ஒரு கணக்கின் மூலம் காண்போம். அடையின் பரப்பு 20 × 6, அதாவது 120 சதுர செ.மீ. தடிமன் 2.2 செ.மீ. என்று கொண்டால் கன அளவு 264 க.செ.மீ. தேனின் அடர்த்தி சுமார் 1.4. ஆகவே நிரம்பிய ஓர் அடையின் எடை ஏறத்தாழ 350 கிராமுக்குச் சற்று மேல். இதைக் கைப்பிடிக் கருவியில் வைத்து, 15 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில், வினாடிக்கு 4 சுற்று வேகத்தில் சுழற்றுவோம். முடுக்கம் 4π² × 16 × 0.15, அதாவது ஏறக்குறைய 95 மீட்டர்/வினாடி². இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு! 350 கிராம் அடை மூன்றரைக் கிலோ பாரம்போல் பக்கவாட்டில் வளைக்கப்படுகிறது. கம்பி இல்லாவிட்டால் புது அடை நொறுங்கிப் போகலாம்.

அடைத்தேனை நாம் சுழற்றப் போவதில்லை. அந்த அடை தன் எடையை மட்டும் தாங்கினால் போதும். அதற்கு மெழுகே தாராளம். 37 செ.மீ. நீளமும் 22.5 செ.மீ. உயரமும் உள்ள ஓர் அடையைக் கட்ட ஏறக்குறைய 40 கிராம் மெழுகே செலவாகும். ஆனால் அது சுமார் 2 கிலோ தேனைத் தாங்கும். எனவே அடைத்தேன் சட்டத்தில் கம்பி கூடாது. உண்பவரின் பல்லில் கம்பி சிக்கும் என்பது கூட இரண்டாவது காரணம்தான். தேவையே இல்லை என்பது முதற்காரணம்.

அதே காரணத்தால் தடித்த அச்சுத்தாளும் வேண்டாம். நடுவில் ரப்பர்போல் மெழுகு நின்றால் தின்பவர் முகம் சுளிப்பார். மிக மெல்லிய, கலப்பற்ற தேன்மெழுகுத் தாளாக இருக்கவேண்டும். பாரஃபின் கலந்த தாளை இதற்குத் தொடவே கூடாது. மேலும் அடுக்குத் தேனீக்கு அதன் அளவுத் தடம் பதித்த தாளே பொருந்தும். ஐரோப்பியத் தேனீக்கான தாளில் அறையின் அளவு பெரிது.

தாளை முழுச் சட்டத்துக்கும் வைப்பதா, மேலே ஒரு பட்டை மட்டும் வைப்பதா? இதில் வளர்ப்போரிடையே இரண்டு கட்சி உண்டு. முழுத்தாள் வைத்தால் வேலை விரைவாக முடியும், அடையும் நேராக இருக்கும். அப்படி வைப்பவர்கள் அடியில் 5 அல்லது 6 மி.மீ. இடம் விடவேண்டும். பெட்டிக்குள் சூடு ஏறும்போது மெழுகு மரத்தைவிடப் பன்மடங்கு விரியும். இடம் இல்லாவிட்டால் தாள் நெளிந்துவிடும். பட்டை வைத்தால் கீழ்ப்பகுதி முழுவதையும் தேனீக்களே புது மெழுகால் கட்டும். தின்பதற்கு அதுவே மிருது. நான் பட்டைக் கட்சி. 2 செ.மீ. அகலத்தில் தாளை வெட்டி, மேற்கட்டையின் அடிப்புறத்துப் பள்ளத்தில் செருகி, உருக்கிய மெழுகைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஒட்டவேண்டும். பட்டை சரியாகக் கட்டையின் நடுக்கோட்டில் இருக்கவேண்டும். மெழுகை நேரடியாக அடுப்பில் உருக்காதீர்கள், தீப்பற்றும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், அருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

கொத்தனார் கண்ட பிழை

இவ்வளவையும் நான் செவ்வனே செய்தேன். எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. இங்கே ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கும் மாதங்களே தேன் வரத்துக் காலம். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதன்று. தளிர் இலைக் காம்பின் நுனியில் சுரக்கிறது. பிப்ரவரியில் தேன் அறையை ஏற்றி வைத்தேன். எறும்பு ஏறாதிருக்கப் பெட்டித் தாங்கியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவேன். வலப்பக்கக் கிண்ணங்கள் இரண்டும் எப்போதும் வழிந்தோடும். அதை நான் பொருட்படுத்தவில்லை.

மார்ச் இறுதியில் திறந்து பார்த்தேன். மேலிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. முதற் சட்டத்தைத் தூக்கினேன், வரவில்லை. சற்று இழுத்ததும் இரண்டாவது சட்டமும் கூடவே எழுந்தது, மூன்றாவதும் அசைந்தது. 'சளக்' என்று ஓர் ஓசை. ஒரு சட்டத்தின் அடை, கீழ் விளிம்பில் அடுத்த சட்டத்தின் அடிக்கட்டையோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. கடைசி அடை பெட்டிச் சுவரோடு ஒட்டிவிட்டது. எல்லாம் கிழிந்து, தேன் கீழ் அறைக்குள் ஒழுகியது. நூற்றுக்கணக்கான தேனீக்கள் அதில் மூழ்கின. வாசனை அறிந்து அடுத்த பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்தன. மாலைக்குள் ஒரு குடும்பம் சீர்குலைந்துபோயிற்று. தேனைவிட அதுதான் எனக்கு வருத்தம்.

அப்போது எங்கள் வீட்டில் மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் வந்து எட்டிப் பார்த்தார். தேனீயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துப் பெட்டியின் ஓரமாகத் தொங்கவிட்டார். "சார், பூச்சி ஒழுங்காத்தான் கட்டியிருக்கு. உங்க பெட்டிதான் சாஞ்சு கிடக்கு" என்றார். வழிந்த நீரில் மண் இளகி, வலப்பக்கக் கால்கள் 3 செ.மீ. இறங்கியிருந்தன. கால்களுக்கு இடையே தொலைவு 30 செ.மீ. பத்துக்கு ஒன்று சரிவு. ஏறக்குறைய 6 டிகிரி.

மறந்த பாடம் இப்போது விளங்கியிருக்கும். தேனீக்கள் நம் சட்டத்தைப் பார்த்துக் கட்டுவதில்லை. அவை ஒன்றன் காலை ஒன்று பற்றிச் சங்கிலிபோல் தொங்கி, புவியீர்ப்பின் திசையிலேயே கட்டிச் செல்கின்றன. தேனீயின் கழுத்திலும் இடுப்பிலும் நுண்மயிர்த் திட்டுகள் உள்ளன. தலையும் வயிறும் எடையால் எப்பக்கம் சாய்கின்றன என்பதை அவை உணர்த்தும். ஒவ்வொரு தேனீயும் தன் உடம்பிலேயே தூக்குக்குண்டு வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

கணக்கு என்ன சொல்கிறது? பத்துக்கு ஒன்று சரிவில், 6 செ.மீ. உயரச் சட்டத்தில் அடையின் கீழ் விளிம்பு 6 மி.மீ. விலகும். நடைபாதையே அவ்வளவுதானே! ஐரோப்பியத் தேனீயின் பெரிய சட்டத்தில், 20 செ.மீ. இறங்கும் அடை 2 செ.மீ. விலகி அடுத்த சட்டத்தின் எல்லைக்குள்ளேயே போய்விடும். முழுத்தாள் வைத்தவர்கள் ஓரளவு தப்பிக்கலாம்; தாளே வழிகாட்டும். பட்டைக் கட்சிக்காரர்களுக்கு மன்னிப்பே இல்லை.

இங்கே ஒரு நுட்பம். "மழைநீர் உள்ளே தேங்காதிருக்கப் பெட்டியை வாசல் பக்கம் சற்றுச் சாய்த்து வை" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அப்படிச் சாய்த்தால் அடை கெடாதா? சட்டங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. சட்டத்தின் நீளம் வாசலை நோக்கி இருந்தால் கெடாது. அப்போது சட்டம் தன் தளத்துக்குள்ளேயே சற்றுத் திரும்புகிறது; தூக்குநூல் அந்தத் தளத்தை விட்டு வெளியேறுவதில்லை. சட்டங்கள் வாசலுக்குக் குறுக்காக இருந்தால் அதே சாய்வு அடையைத் தளத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

பெட்டி இல்லாதவர்களும் இதைச் சோதிக்கலாம். ஒரு செருப்பு அட்டைப்பெட்டியின் மேல் நீளவாக்கில் ஒரு குச்சியை வைத்து, நடுவில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். குச்சிக்கு நேர் கீழே பெட்டியின் அடியில் ஒரு கோடு வரையுங்கள். பெட்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்தினால் கல் கோட்டின்மீதே நகரும். பக்கவாட்டில் தாழ்த்தினால் கோட்டை விட்டு விலகும். எவ்வளவு தாழ்த்தினால் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து வரைபடம் போட்டுப் பாருங்கள்.

புவியீர்ப்பே உணரப்படாத இடத்தில் தேனீ என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அமெரிக்க மாணவர் ஒருவர் இதையே கேட்டார். அவருடைய சோதனைக்காக 1984 ஏப்ரலில் சாலஞ்சர் விண்ணோடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தேனீக்கள் சென்றன. முதலில் தடுமாறினாலும் ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 200 சதுர செ.மீ. அடை கட்டின. அறை கட்டும் கலை அவற்றுக்கு உடன்பிறந்தது. 'கீழ்' எது என்பதை மட்டுமே பூமி சொல்லிக்கொடுக்கிறது.

மறு ஆண்டு

அடுத்த ஆண்டு தாங்கியின் கால்களுக்கு அடியில் தட்டைக் கற்கள் பதித்தேன். ரசமட்டத்தைத் தேன் அறையின் குறுக்கே வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்தேன். தேன் நிறையும்போது பெட்டியின் எடையும் ஏறும், மண்ணும் அமுங்கும். ஆகவே வாரம் ஒருமுறை மீண்டும் பார்த்தேன்.

தேன் அறையை ஏற்றும் நேரமும் முக்கியம். கீழறை முழுவதும் தேனீக்கள் நெருக்கியடித்து, அடைகளின் மேல் விளிம்பில் புது வெண்மெழுகு தெரியத் தொடங்கவேண்டும். வலுவற்ற குடும்பம் பட்டையைத் தொடாது. மெழுகு எளிதில் வருவதன்று. இளம் பணித்தேனீக்களின் வயிற்றின் அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து செதில் செதிலாக வருவது. ஒரு கிலோ மெழுகுக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோ தேன் செலவாகும் என்று கணக்கிடுவர். அடைத்தேனில் அந்த மெழுகையும் நாமே எடுத்துக்கொள்வதால் மொத்த விளைச்சல் குறையும். விலை கூடுதலாக இருப்பது நியாயமே. நெருக்கடியில் குடும்பம் பிரிந்து பறந்துவிடாமலும் கவனிக்கவேண்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அடை இயற்கையானது என்பதால் உள்ளிருப்பது தேன்தான் என்று உறுதி கூற முடியாது. பஞ்ச காலத்தில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு கொடுப்பதுண்டு. தேன் அறை மேலே இருக்கும்போது கொடுத்தால் அந்தப் பாகே அடையில் நிரம்பிவிடும். அடைத்தேன் அறை வைத்தபின் ஒரு கரண்டிப் பாகும் கூடாது. இதை எந்த அளவுகோலும் காவல் காக்காது, வளர்ப்பவர்தான் காக்கவேண்டும்.

அறைகள் மூடப்பட்டதும் சட்டத்தை எடுத்துவிடவேண்டும். மூடாத அறையில் தேன் நீர்த்திருக்கும். நீரின் அளவு 20 விழுக்காட்டைத் தாண்டினால் புளித்துப்போக வாய்ப்பு அதிகம். அதிக நாள் விட்டாலோ தேனீக்கள் நடந்து நடந்து வெண்மூடி அழுக்கேறிவிடும். பழகிய வளர்ப்பாளர் இல்லாமல் நீங்கள் தனியே பெட்டியைத் திறக்கவேண்டாம்.

எடுத்த அடையை வெதுவெதுப்பான கத்தியால் துண்டு போட்டு, கம்பி வலைமேல் ஓர் இரவு வைத்தால் வெட்டிய ஓரத்துத் தேன் வடிந்துவிடும். மெழுகுப்பூச்சியின் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் அடையில் இருக்கக்கூடும். காற்றுப் புகாமல் மூடி உறைகலத்தில், −18 டிகிரியில், இரண்டு நாள் வைத்தால் அவை அழியும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். குளிர்ந்த அடையின்மேல் காற்றின் ஈரம் படியும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறக்கவும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் தரக்கூடாது.

அவ்வாண்டு ஒவ்வொரு சட்டமும் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு உருவுவதுபோல் தனித்தனியே வந்தது. முதல் துண்டைக் கொத்தனாருக்குக் கொடுத்தேன். அவர் அதைச் சுடச்சுட ஆப்பத்தின்மேல் வைத்தார். மெழுகு உருகி ஆப்பத்தோடு ஒட்டிக்கொண்டது. 62 டிகிரியை அவருக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.